மேலே வந்த இரண்டு வரி

பால் பொங்குவதற்கு முன் ஒரு தடவை, பொங்கி இறக்கிய பிறகு ஒரு தடவை, ஆக அடுப்படியில் நிற்கும் நேரத்திலேயே இரண்டு முறை போனை எடுத்துப் பார்ப்பது அன்புச்செல்விக்கு வழக்கமாகிவிட்டது. வேறொன்றுமில்லை, நேற்று தன்னுடைய இணையதளத்துக்கு எத்தனை பேர் வந்து போனார்கள் என்று பார்ப்பாள். அன்றைக்கு ஏழு பேர் என்று காட்டியது. அந்த ஏழில் ஒருத்தி அவளேதான். இன்னொருத்தி திருப்பூரில் இருக்கும் தங்கை தீபிகா. அக்காவின் மனசு நோகக்கூடாதென்று தினமும் ஒரு தடவை திறந்து மூடுகிற புண்ணியவதி.

“எத்தன?” என்று கூடத்திலிருந்து கேட்டார் கணவர் காளிதாஸ்.

“ஏழு.”

“நேத்து அஞ்சுதான புள்ள. பரவால்ல, ஏறுது.”

அவர் கேலியாகச் சொன்னாரா ஆறுதலாகச் சொன்னாரா என்று கண்டுபிடிக்க முடியாது, அவர் குரலே அப்படி. அவளுக்கு எப்படிச் சொன்னாலும் அழுகைதான் வந்தது. டம்ளரை நங்கென்று அவர் முன்னால் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் போகும் சாலையில் அவர்கள் ஊர். காளிதாஸ் அங்கே கால்நடை மருந்தகத்தில் ஆய்வாளர். டாக்டர் இல்லை. ஆனால் சுற்றுப்பட்டு ஊர்களில் அவருக்கு “டாக்டருங்க” என்றுதான் பெயர், திருத்திப் பார்த்து அலுத்துப்போய் அவரும் விட்டுவிட்டார். ஆட்டுக்கு வயிறு ஊதுகிறது, குட்டி பால் குடிக்கவில்லை, கால் வீங்கியிருக்கிறது என்று ஒரே கேள்வியை நாளுக்குப் பத்துப் பேர் வந்து கேட்பார்கள். இதையெல்லாம் எழுதிப் போட்டால் என்ன என்று ஒன்பது வருடத்துக்கு முன்னால் தோன்றியது அன்புச்செல்விக்கு. பி.எஸ்சி. வேதியியல் படித்தவள் அவள். படித்த படிப்பு ரசத்துக்குப் புளி கரைக்க மட்டும்தானா என்ற குறை உள்ளுக்குள் இருந்துகொண்டே இருந்தது. ‘ஆட்டுப்பட்டி’ என்று பெயர் வைத்து எழுதத் தொடங்கினாள்.

அவள் எழுத்து நீளம். குழந்தைக்குச் சோறு ஊட்டுவதைப் போல ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லுவாள். எது கூடாது என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் எது கூடும் என்பதற்கு வருவாள். கணவரிடம் ஒவ்வொரு வரியையும் காட்டி, அவர் சரி என்று சொன்ன பிறகே வெளியிடுவாள். அதைப் படிக்க ஆட்கள் வந்தார்கள். குவைத்தில் லாரி ஓட்டுகிற ஒருவர், ஊரில் தன் அம்மா வளர்க்கும் ஆடுகளுக்காக அங்கேயிருந்து படித்துப் படித்துப் போனில் சொல்லுவார். தர்மபுரிக்காரர் ஒருவர் விடியற்காலையில் கூப்பிட்டு, “அம்மணி, இந்தக் கெடா இருமறதக் கொஞ்சம் கேளுங்க” என்று போனை ஆட்டின் வாயில் வைத்திருக்கிறார். விளம்பரத்தில் வந்தது கரண்ட் பில்லுக்குக் காணும், அவ்வளவுதான். ஆனாலும் தன் பேச்சைக் கேட்க எங்கெங்கோ மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது அவளுக்குப் பெரிய சொத்தாக இருந்தது.

அந்தச் சொத்துதான் இரண்டே வருடத்தில் கரைந்து போயிற்று. முன்பெல்லாம் ஒரு கேள்வியைத் தேடினால் பத்து இணையதளங்களின் பெயர் வரும், அதில் ஒன்றைத் திறந்து படிப்பார்கள். இப்போது கேட்ட மாத்திரத்தில் பதிலே மேலே வந்து நிற்கிறது. நாலு இடத்தில் இருந்ததைப் பிசைந்து ஒரு கவளமாக உருட்டிக் கொடுத்துவிடுகிறது. வாங்கிக்கொண்டு போகிறவர்கள் சமைத்தது யார் என்று எதற்காகக் கேட்கப் போகிறார்கள்? ஒரு நாள் அவளே குட்டிக்குச் சீம்பால் கொடுப்பதைப் பற்றித் தேடிப் பார்த்தாள். மேலே வந்த பதிலில் பாதி அவள் எழுதியது, அவளுடைய சொற்களேதான் அங்கே இருந்தன. ஆட்டுப்பட்டி என்ற பெயர் மட்டும் எங்கேயும் இல்லை.

“நான் இருக்கறனா இல்லையான்னே தெரியலீங்க,” என்று அன்று கணவரிடம் சொன்னாள். ஆட்டு வைத்தியம் தெரிந்த மனிதர், பாவம், இதற்கு எந்த ஊசியும் அவரிடம் இல்லை.

தங்கை சொல்லித்தான் சித்தார்த் என்பவனைப் பார்க்கச் சேலம் போனாள். ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு மாடியில் சின்ன அலுவலகம் வைத்திருந்தான். வியாபாரங்களை இணையத்தில் எடுப்பாகத் தெரிய வைப்பது அவன் தொழில். மரியாதையான பையன், வந்ததும் தண்ணீர் கொடுத்தான், அவள் தளத்தைத் திறந்து கால் மணி நேரம் பார்த்தான்.

“அக்கா, ஒன்னு புரிஞ்சுக்குங்க. இப்ப யாரும் உள்ள வர்றதில்ல. பதில் மேலயே வந்துருது, பாத்துட்டுப் போயிட்டே இருப்பாங்க. அந்த மேல வர்ற பதிலா நாம இருக்கணும், அதான் இப்ப வேலை.”

“என்னோட பதிலுதான் தம்பி அங்க வருது. பேருதான் வர்றதில்ல.”

“நீங்க சுத்தி வளைச்சு எழுதறீங்க. அதனால அங்கங்க பிச்சு எடுத்துக்குது. முதல் ரெண்டு வரியில பளிச்சுனு சொல்லுங்க. தரலாமா, கூடாதா, அவ்வளவுதான். அப்பத்தான் உங்களத் தூக்கி மேல வெச்சு உங்க பேரையும் போடும்.”

“அதுலயே எல்லாஞ் சொல்லிட்டா அப்பறம் எதுக்கு உள்ள வருவாங்க?”

சித்தார்த் சிரித்தான். “எல்லாத்தையும் ஏன்க்கா சொல்றீங்க? முக்கியமான ஒன்ன உள்ள வெச்சுக்குங்க. ஒரு எச்சரிக்கை இருக்கு, உள்ள பாருங்கன்னு கொக்கி போடுங்க. வந்துதான ஆகணும்?”

அந்தப் பையனைக் குறை சொல்லிப் பயனில்லை. செருப்புக் கடைக்கும் பல் வைத்தியருக்கும் சொன்ன அதே யோசனையைத்தான் இவளுக்கும் சொன்னான். செருப்புக் கடைக்காரர் தள்ளுபடி விவரத்தை உள்ளே வைத்துக்கொண்டால் யாருக்கும் நஷ்டமில்லை. இவள் எழுதுவது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பது அவனுக்கு உறைக்கவில்லை. உறைத்திருக்க வேண்டியது இவளுக்கு.

ஒரு மாதம் உட்கார்ந்து பழைய கட்டுரைகளை எல்லாம் மாற்றி எழுதினாள். மாசி முடியும் சமயத்தில் மரவள்ளி இலையைப் பற்றிய கட்டுரைக்கு வந்தாள். அந்தப் பக்கத்தில் ஜவ்வரிசி ஆலைகளுக்காக எங்கே பார்த்தாலும் மரவள்ளிதான், ஊர்ப் பேச்சில் குச்சிக்கிழங்கு. கிழங்கு பிடுங்கும் காலத்தில் தழை வரப்போரம் மலையாகக் குவிந்து கிடக்கும், கேட்பாரில்லை. வெயில் காலத்தில் ஆடு வைத்திருப்பவர்களுக்கு அதைப் பார்த்தால் கை அரிக்காமல் இருக்காது. அதனால்தான் அந்தக் கட்டுரையை அவள் முன்பு இப்படித் தொடங்கியிருந்தாள்: “பச்சையாகக் கொடுக்காதீர்கள். பச்சை இலையில் நஞ்சு உண்டு. நாலு நாள் வெயிலில் மொறுமொறுவென்று காய வைத்து, மற்ற தீவனத்தோடு கலந்து, கொஞ்சமாகக் கொடுக்கலாம்.”

அதை அழித்தாள். “ஆடுகளுக்கு மரவள்ளி இலை தரலாம். அதில் புரதச்சத்து அதிகம். ஆடுகள் விரும்பித் தின்னும். ஆனால் தரும்போது கவனிக்க வேண்டிய ஒரு முக்கியமான எச்சரிக்கை உண்டு, அதைக் கீழே விரிவாகப் பார்ப்போம்” என்று எழுதினாள். எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் கையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த இலையில் இருப்பது என்ன நஞ்சு, அது உடம்புக்குள் போய் என்ன செய்யும் என்பதை வேதியியல் படித்தவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

காளிதாஸ் சட்டை மாட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தார். “பச்சையாக் கூடாதுங்கறது மேல இல்லையே?”

“உள்ள இருக்குதுங்க. தேவைப்பட்டவிய வந்து படிக்கட்டும்.”

“மேலயும் ஒரு வார்த்த போட்டுரு புள்ள.”

“போட்டா யாருங்க வருவா?”

அதில் இருந்த எரிச்சல் அவருக்குப் புரிந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

இருபது நாள் கழித்து அவள் ஆசைப்பட்டது நடந்தது. மத்தியானம் துணி மடித்துக்கொண்டே போனைப் பார்த்து வாயால் கேட்டாள். போன் ஒரு பெண்ணின் குரலில் படித்தது: “ஆட்டுப்பட்டி இணையதளத்தின்படி, ஆடுகளுக்கு மரவள்ளி இலை தரலாம். அதில் புரதச்சத்து அதிகம். ஆடுகள் விரும்பித் தின்னும்.” அத்தோடு நின்றுவிட்டது.

எச்சரிக்கை உண்டு என்று அவள் போட்டிருந்த கொக்கியைக் காணோம். அதை அவள் கவனிக்காமல் இல்லை. நன்றாகவே கவனித்தாள். ஆனால் ஆட்டுப்பட்டி என்று தன் தளத்தின் பெயரை அந்தக் குரல் சொன்னபோது வந்த சந்தோஷத்தில் மற்றதெல்லாம் அடிபட்டுப் போயிற்று. தங்கையைக் கூப்பிட்டுச் சொன்னாள். அன்று சாயங்காலம் கேசரி கிளறினாள். மறுநாள் வந்தவர்கள் பதினொரு பேர். அதற்கே அவள் அடுப்படியில் பாட்டு முணுமுணுத்ததைக் காளிதாஸ் கேட்டார். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், அந்த ஒரு வார்த்தையை மேலே சேர்த்துவிடலாம் என்று அவள் நினைத்ததும் உண்மைதான். மாற்றினால் மறுபடியும் பெயர் போய்விடுமோ என்ற பயத்தில் நாளை, நாளை என்று ஒன்பது நாள் போயிற்று.

பங்குனி வெயில் கொளுத்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் காளிதாஸுக்கு ஒரு அழைப்பு வந்தது. மூன்று கல் தொலைவில் ஒரு விவசாயக் காட்டில் ஆடுகள் வரிசையாக விழுகின்றன, உடனே வாருங்கள் என்று. மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு அவர் கிளம்ப, கட்டுரைக்கு நாலு படம் கிடைக்கும் என்று அன்புச்செல்வியும் வண்டியின் பின்னால் ஏறிக்கொண்டாள். எப்போதும் அப்படிப் போவது வழக்கம்தான்.

போய் இறங்கியவள் போனை வெளியே எடுக்கவில்லை. ஒரு வேப்பமரத்தடியில் பன்னிரண்டு வெள்ளாடுகள் கிடந்தன. சிலது வயிறு உப்பி அசைவில்லாமல் கிடந்தன. சிலது வாயில் நுரை தள்ளிக் காலை உதறிக்கொண்டிருந்தன. ஒரு சினை ஆடு தலையைத் தூக்கப் பார்த்துத் தூக்கப் பார்த்து விழுந்தது. சுற்றிலும் பாதி தின்ற பச்சைத் தழை கிடந்தது. நுனியில் விரல்களைப் போல விரிந்த அந்த இலை எது என்று தெரிந்துகொள்ள அவள் குனிந்துகூடப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

காளிதாஸ் ஓடி ஓடி மாற்று மருந்து ஊசி போட்டார். மூன்று ஆடுகள் எழுந்து நின்றன. ஒன்பது எழவில்லை.

ஆடுகள் ராமாயியுடையவை. நாற்பத்தைந்து வயதிருக்கும். ஜவ்வரிசி ஆலையில் கிழங்கு அரைக்கிற இயந்திரத்தில் வலது கையின் மூன்று விரல்களைக் கொடுத்துவிட்டு வந்தவள். அதற்குப் பிறகு அவளை எந்த ஆலையும் சேர்க்கவில்லை. இரண்டு ஆட்டில் தொடங்கி ஆறு வருடத்தில் பன்னிரண்டாக்கியிருந்தாள். ஆடு மேய்க்க ரெண்டு விரல் போதும் என்று சிரித்துக்கொண்டே சொல்லுவாளாம். இப்போது செத்த சினை ஆட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, சத்தம் போடாமல், அதன் காதை நீவிக்கொண்டிருந்தாள்.

“காலைல தழையச் செமந்துக்கிட்டுப் போறப்பவே சொன்னனுங்க டாக்டருங்க,” என்றார் காட்டுக்காரர் கண்ணுசாமி. “பச்சக் குச்சிக்கெழங்குத் தழை, வெறும் வயித்துல போடாத ராமாயின்னு படிச்சுப் படிச்சுச் சொன்னன். கேக்கோணுமே.”

“அண்ணன் சொன்னாருதானுங்க,” என்றாள் ராமாயி. “எனக்கும் சந்தேகந்தான். அதனாலதான் போனுல கேட்டேன். அது தரலாம்னு சொல்லுச்சுங்க.” முந்தானையிலிருந்து போனை எடுத்து, இருக்கிற இரண்டு விரலால் அழுத்தி, மறுபடியும் கேட்டுக் காட்டினாள். “ஆட்டுப்பட்டி இணையதளத்தின்படி” என்று தொடங்கி அந்தக் குரல், ஒன்பது ஆடுகள் கிடக்கும் இடத்தில், சத்து அதிகம், ஆடுகள் விரும்பித் தின்னும் என்று பிசிறில்லாமல் படித்து முடித்தது.

காளிதாஸ் மனைவியைப் பார்க்காமல் ஊசியைத் துடைத்தார். பேசாமல் வண்டி ஏறிப் போயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆட்டுப்பட்டி என்றால் யார் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. அன்புச்செல்விக்கு அந்த நினைப்பும் வந்தது. வந்த வேகத்திலேயே தன்மேல் அருவருப்பும் வந்தது. அவள் ராமாயிக்கு எதிரில் மண்ணில் உட்கார்ந்தாள்.

“அக்கா, அத எழுதுனது நான்தானுங்க.”

ராமாயிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், “அப்ப உங்களுக்குத் தெரியாதுங்களா அம்மணி, பச்சையாக் கூடாதுன்னு?” என்று கேட்டாள்.

“தெரியுமுங்க. எழுதியிருக்கறனுங்க. உள்ள எழுதியிருக்கறேன்.”

“உள்ளன்னா?”

அன்புச்செல்வி எப்படியோ சொல்லிப் புரிய வைத்தாள். தொட்டுத் திறந்து, கீழே தள்ளி, நாலாவது பத்தியில் இருக்கிறது என்று. சொல்லச் சொல்ல அவள் குரல் தேய்ந்துகொண்டே போயிற்று.

ராமாயி அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது. “நான் ரெண்டாப்பு கூடத் தாண்டலியே சாமி,” என்றாள். “எனக்கு எங்கீங்க உள்ள போயிப் படிக்கத் தெரியும்? அது வாயத் தொறந்து சொன்னதக் கேட்டேன். உசுரு போற சமாச்சாரத்த உள்ள வெச்சுப் பூட்டுவாங்கன்னு நான் கண்டனா?”

அங்கேயே அந்த மண்ணில் உட்கார்ந்து அன்புச்செல்வி அழுதாள். அந்த அழுகை ஒரு ஆட்டையும் எழுப்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டுரையைத் திறந்து பழையபடி மாற்றினாள். பச்சையாகக் கொடுக்காதீர்கள் என்று முதல் வரியிலேயே போட்டாள். மறுநாள் போனிடம் கேட்டாள். தரலாம் என்றது. அதற்கு மறுநாளும் தரலாம் என்றது. எங்கேயோ ஒரு இடத்தில் அவள் அழித்துவிட்ட வரிகளையே பிடித்து வைத்துக்கொண்டு அது ஊருக்கெல்லாம் ஓதிக்கொண்டிருந்தது. புகார் எழுதினாள், அதைப் படிக்க அங்கே ஒரு ஆள் இருக்கிறாரா என்றே தெரியவில்லை. சித்தார்த்தைக் கூப்பிட்டாள். நடந்ததையெல்லாம் சொன்னாள். “எப்ப மாறும்னு நம்ம கையில இல்லக்கா. ரெண்டு வாரமும் ஆகலாம், ரெண்டு மாசமும் ஆகலாம்,” என்றான். மேலே வர அவள் பட்ட பாடு எல்லாம் பட்டு, இப்போது அங்கிருந்து இறங்க வழி தெரியாமல் நின்றாள்.

வீட்டுக் கொல்லையில் அவர்கள் வளர்த்துவந்த சின்னப் பட்டியிலிருந்து இரண்டு பெட்டை ஆடுகளைக் கொண்டுபோய் ராமாயி வீட்டில் கட்டிவிட்டு வந்தாள். ராமாயி வேண்டாம் என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. தண்ணீர் மட்டும் கொடுத்தாள்.

கிழங்கு பிடுங்கும் காலம் முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது. எந்தக் காட்டில் இன்றைக்குப் பிடுங்குகிறார்கள் என்று கணவரிடம் கேட்டுக்கொண்டு, சமையலை முடித்துவிட்டு அவள் ஸ்கூட்டரில் கிளம்பிவிடுவாள். காடு காடாகப் போய் ஆடு வைத்திருப்பவர்களைத் தேடிச் சொன்னாள். சில இடத்தில் கேட்டுக்கொண்டார்கள். சில இடத்தில் மருந்து விற்க வந்தவள் என்று நினைத்து விரட்டினார்கள். கறுத்துப் போனாள், ஆளும் இளைத்துப் போனாள். காளிதாஸ் ஒரு நாளும் தடுக்கவில்லை. மேலயும் ஒரு வார்த்தை போடு என்று அழுத்திச் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனது அவரையும் அறுத்துக்கொண்டுதான் இருந்தது.

அப்படி ஒரு நாள் ராசிபுரம் பக்கம் ஒரு காட்டுக்குப் போனாள். அருணகிரி என்று ஒருவர், வரப்போரம் நாலு ஆட்டைக் கட்டிவிட்டு, அதுகளுக்கு முன்னால் ஒரு கட்டுப் பச்சைத் தழையை அப்போதுதான் அவிழ்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். இவள் தூரத்திலிருந்தே வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டு ஓடினாள்.

“ஏனுங்கம்மணி, தரலாம்னு போனுலயே சொல்லுதுங்களே,” என்று அவர் போனை நீட்டினார். “நீங்க என்ன, கூடாதுங்கறீங்க?”

மூச்சு வாங்கிக்கொண்டு அன்புச்செல்வி அந்தப் போனைப் பார்த்தாள். தன் தளத்தின் பெயர் அழகாகத் தெரிந்தது.

“அத எழுதுனவளே நான்தானுங்க,” என்றாள். “பாதிய மேல போட்டுட்டு, மீதிய உள்ள ஒளிச்சு வெச்சேன். அத நம்பி ஒரு அக்காவோட ஒம்பது ஆடு செத்துப்போச்சுங்க. அந்த மீதியச் சொல்லத்தான் இப்ப காடு காடாச் சுத்தறேன்.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “தெரியாம எழுதிட்டீங்களாக்கும்?”

“தெரிஞ்சுதானுங்க எழுதுனேன். நாலு பேரு என்னப் பாக்கோணும்னு எழுதுனேன்.” அதைச் சொல்லும்போது அவள் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. “உசுரு சம்பந்தப்பட்டதுல, தெரிஞ்சத முழுசாச் சொல்லாம விடறது கொலைக்குச் சமானமுங்க. எழுதற எங்களுக்கு அது பாடம். கேக்கற நீங்களும் மேல தெரியற ரெண்டு வரிய நம்பிக் கைய நீட்டாதீங்க. அந்த ரெண்டு வரிக்கு உள்ள என்ன இருக்குதுன்னு படிங்க, படிக்க முடியலைன்னா பக்கத்துக் காட்டுக்காரர ஒரு வார்த்த கேளுங்க. அவரு உங்க ஆட்டப் பாத்துட்டுச் சொல்லுவாரு. இது எதையும் பாக்காமச் சொல்லுதுங்க.”

அருணகிரி போனை மடியில் செருகிக்கொண்டு, ஆடுகள் வாய் வைக்கப் போன தழையை இரண்டு கையாலும் வாரி எடுத்து வரப்புக்கு அந்தப் பக்கம் எறிந்தார்.